போர்ட் கிள்ளான் முத்திரை

“என்ன நிரஞ்சனி, இந்தத் தடவ எந்த நாடு?” வடைச் சட்டிக்குப் பின்னாலிருந்து மார்க்கிரட் ஆன்டி குரல் கொடுத்தாள்.

“தைப்பே, ஆன்டி.”

“வாரத்துக்கு ஒரு நாடு சொல்ற, ஒரு சாக்லேட்டாவது கண்ணுல காட்டினியா? சரியான கஞ்சப்பிசினாறி லா நீ!”

நிரஞ்சனி சிரித்துவைத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

அவள் தைப்பேயிலிருந்து வரவில்லை. போர்ட் கிள்ளான் கிடங்கில் இரவு ஷிப்டை முடித்து, கொமுட்டர் ரயிலில் தூங்கி வழிந்து, சென்ட்ரல் ஸ்டேஷன் கழிப்பறையில் நகத்து அழுக்கைச் சுரண்டிக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு வருகிறாள். உடுத்தியிருந்த கெபாயா, பணிப்பெண்ணாக இருந்த விமான நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல் அவள் வைத்துக்கொண்ட ஒரே சீருடை.

ஆட்களைக் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த வாரம் அது. அன்று சொல்ல முடியவில்லை. பிறகு சொல்வதென்றால், சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கிடங்கு வாசலில் தினமும் சட்டையில் ஒரு மஞ்சள் அனுமதி ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். திரும்பும்போது ரயிலில் அதை உரித்து, போட இடமில்லாமல், பெட்டியின் அடியில் ஒட்டிவிடுவாள். மறுநாள் பார்த்தால் இருக்காது. படிகளில் உரசி உதிர்ந்துவிடும் போலிருக்கிறது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

அப்பா சாப்பாட்டு மேசையில் ஆல்பத்தை விரித்து, ஓர் உறையின் மேல் லென்ஸை வைத்துக் குனிந்திருந்தார்.

அப்பா யோகநாதன் சேர்ப்பது விமானத்தில் பறந்து வந்த உறைகளை மட்டும்தான். வெறும் தபால்தலையில் அவருக்கு அக்கறையில்லை. “பறந்திருக்கணும்” என்பார். போருக்கு முன்பு பினாங்கிலிருந்து லண்டனுக்குப் பறந்த உறை ஒன்று அவரிடம் இருந்தது. அதைத் தொட யாருக்கும் அனுமதியில்லை.

அதற்கு அடுத்தபடியாக அவர் பத்திரப்படுத்தியவை, மகள் வெளிநாடுகளிலிருந்து போட்டவை. அவள் புறப்படும் முன் தன் முகவரியை எழுதி, நீல ஏர்மெயில் லேபலை ஒட்டி, ஒரு காலி உறையைக் கையில் தருவார். போன ஊரின் தபால்தலையை ஒட்டி அங்கேயே அவள் போட வேண்டும்.

“மெஷின்ல போட விடாத. கௌண்டர்ல நின்னு கையால குத்தச் சொல்லு.” ஒவ்வொரு முறையும் இதையும் சொல்லித்தான் அனுப்புவார்.

இப்போது அந்த உறைகளை அவளுடைய தோழி ஷஹானா கொண்டுபோகிறாள். ஷஹானா இன்னும் பறக்கிறாள்.

“காத்மாண்டு வந்திருச்சு பிள்ளை,” என்றார் அப்பா, நிமிராமல். “முத்திரை என்ன அழகா விழுந்திருக்கு பாரு. தேதிகூடச் சுத்தமா தெரியுது.”

அவள் குனிந்து பார்த்தாள்.

பத்தொன்பதாம் தேதி.

பதினேழில் போய்ப் பதினெட்டில் திரும்பிவிட்டதாக அவரிடம் சொல்லியிருந்தாள். பத்தொன்பதில் அவள் காய்ச்சலோடு இந்த வீட்டில்தான் படுத்திருந்தாள். இதே அப்பாதான் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஷஹானாவின் விமானம் தள்ளிப்போனது அவளுக்குத் தெரியும். முத்திரையில் தேதி இருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. நின்றபடியே கண் செருகும் உடம்பை வைத்துக்கொண்டு எதைத்தான் யோசிப்பது?

லென்ஸ் அந்தத் தேதியின் மேலேயே நின்றது.

கேட்டுவிடட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தது. கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஆனால் மேசையோரத்தில் அவருடைய மாத்திரை டப்பா இருந்தது.



அவர் இடுக்கியால் உறையைத் தூக்கிக்கொண்டு, ஆல்பத்தின் பக்கத்தைத் திருப்பினார். இடப்பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் காத்மாண்டுவை வைத்தார்.

வலப்பக்கம் அவள் இதுவரை பார்க்காதது.

மஞ்சள் ஸ்டிக்கர்கள். நுனிகூடக் கிழியாமல் உரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடித்தாளில் போட்டு, தேதிவாரியாக அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் கிடங்கின் பெயர் இருந்தது. அதன் கீழே, இரவு ஷிப்ட்.

பெட்டியின் கைப்பிடியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வழக்கமாக இந்த நேரத்தில், “அடுத்த ப்ளைட் எங்க?” என்பார். இன்று எதுவும் கேட்காமல் புதிய உறை ஒன்றை நீட்டினார். அதே முகவரி, அதே கையெழுத்து. நீல லேபல் மட்டும் இல்லை. மூலையில் உள்நாட்டுத் தபால்தலை ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

“அப்பா…”

“போர்ட் கிள்ளான் முத்திரை என்கிட்ட ஒண்ணுகூட இல்ல பிள்ளை.” அவர் லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். “மெஷின்ல போட விடாத. கௌண்டர்ல நின்னு கையால குத்தச் சொல்லு. இப்பப் போய்ப் படு.”