கேபிளின் முனை

செங்கம் ரோடு அச்சகத்தில், பழைய கம்ப்யூட்டரின் ஸ்கஸி என்ற பழைய வகை ஹார்ட் டிஸ்க் இந்த முறையும் கிர்ரென்று சுற்றுகிறது, திரையில் மட்டும் அதன் பெயர் வரவில்லை. மெக்கானிக் குமரேசன் கேபிளை உருவிச் செருகுகிறான், மறுபடி உருவுகிறான். வாசலில் மாறன் பைக்கை அணைக்காமல் நிற்கிறான். இன்று காலை இறந்த அவன் அப்பாவின் ஒரே நல்ல போட்டோ அந்த டிஸ்க்கில் இருக்கிறது. சவம் எடுப்பதற்குள் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாக வேண்டும்.

"கேபிள் முனையில டெர்மினேட்டர்னு ஒண்ணு இருக்குமே, அது எங்க போச்சுக்கா? அது இல்லாம டிஸ்க் பேசாது," என்கிறான் குமரேசன்.

"நேத்து துடைக்கறப்போ கழண்டுச்சு. ஆயுத பூஜையில வச்சுட்டேன்," என்கிறாள் முதலாளி கஸ்தூரி. "இன்னிக்கு கம்ப்யூட்டரத் தொட்டதே தப்பு. பூஜையில வச்சத நாளைக்கு விஜயதசமி காலையிலதான் எடுக்கணும்."

சாமி படத்தின் முன் பொரிக்கு நடுவே, குங்குமம் அப்பிய கட்டைவிரல் அளவு டெர்மினேட்டர். குமரேசன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறான். வாசலில் பைக் அணைகிறது. கஸ்தூரி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பொரி சிதற அதை எடுக்கிறாள்.