இரண்டாவது பொத்தான்

எழுந்தான். குளித்தான். முந்தின நாள் மடித்துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். ஒரு தம்ளர் காபி போட்டு, நின்றபடியே குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கேஸை மூடினோமா என்று இரண்டு முறை பார்த்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, வண்டியை எடுத்துவர சர்வீஸ் சென்டருக்குப் போனான்.

பன்னிரண்டாவது முறை.

தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும் வண்டி அது. மீதிப் பேர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

வாங்கிப் பதினான்கு மாதம். அதில் நான்கு மாதம் வொர்க்‌ஷாப்பில்தான் நின்றது. மழை வந்தால் கூரைக் கண்ணாடி வழியே உள்ளேயும் பெய்யும். திரை நினைத்தால் எரியும். சிக்னலில் நிறுத்தினால் மூச்சை விட்டுவிடும். மனைவியின் தம்பி அதற்குப் ‘புது மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தான். உபசாரத்தில் ஒரு குறையும் இருக்கக்கூடாது, ஒரு வேலையும் சொல்லக்கூடாது.

சர்வீஸ் சென்டரில் சோபா நன்றாக இருக்கும். காபி மெஷின் நன்றாக இருக்கும். டை கட்டிய அட்வைசர் ஒரே பதிலை முறைக்கொரு முகத்தோடு சொல்வார்: பார்ட்ஸ் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கப்பல் இன்னும் கரை சேரவில்லை. இவனும் விடாமல் தலைமை அலுவலகம் வரை மெயில் எழுதினான். எழுதி எழுதித்தான் இந்த முறை வழிக்கு வந்தார்கள்.

அட்வைசர் வாயெல்லாம் பல்லாக வந்தார். வண்டியின் மூளையையே துடைத்துவிட்டுப் புது சாஃப்ட்வேர் ஏற்றியாயிற்றாம். பழையது ஒன்றுகூட மிச்சமில்லையாம்.

“உங்க சீட்டையும் நல்லா பின்னாடி தள்ளி வெச்சிருக்கேன் சார். முட்டி இடிக்க இடிக்க எப்படித்தான் ஓட்டுனீங்களோ.”

பன்னிரண்டு முறையில் அவன் கேட்காமலே அவர்கள் செய்த ஒரே வேலை அது.

அவன் ஏறி உட்கார்ந்தான். கால் தாராளமாக நீண்டது.

கதவின் உட்புறம் இரண்டு பொத்தான்கள். ஒன்று அவனுக்கு. இரண்டு மனைவிக்கு. அழுத்தினால் சீட்டும் கண்ணாடிகளும் அவரவர் உயரத்துக்கு வந்து நிற்கும். சில மாதங்களாகவே, மெக்கானிக்குகள் சீட்டைக் கலைத்துவிடும்போதெல்லாம் அவன் இரண்டை அழுத்தித்தான் வண்டியை எடுப்பான்.

மூளையைத் துடைப்பார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த அளவை வேறு எங்கும் எழுதிவைத்திருக்கவுமில்லை.

பொத்தான்மேல் விரலை வைத்தான். அழுத்தக் கை வரவில்லை. அட்வைசர் கதவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பின்பக்கத்தில் யாரோ கார் கழுவும் தண்ணீரை நிறுத்தினார்கள். அந்த அமைதியில், சீட்டுக்கு அடியில், தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம்.

சீட் நகர்ந்தது.

அவசரமில்லாமல் முன்னே வந்தது. முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. பிறகு மேலே எழும்பியது. தலைமுடி கூரையில் உரசியது. வெளியே இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிகள் ஒன்றாகத் திரும்பி நின்றன.

ஐந்தடி ஓரங்குலம். அந்தக் கையின் நீளம். அந்தக் கண்கள் சாலையைப் பார்க்கும் உயரம்.

ஒரு மயிரிழை பிசகவில்லை.

மழையைத் தடுக்கத் தெரியாத, ஒரு சிக்னலை ஒழுங்காகத் தாண்டத் தெரியாத வண்டி, ஒருத்தியை மட்டும் அப்படியே வைத்திருந்தது. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய இடத்துக்கு வந்துவிட்டவன் போல அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கோளாறு இருப்பதைச் சொல்லும் அதே பழைய விளக்கு.

அட்வைசரின் முகம் விழுந்துவிட்டது. புது சாஃப்ட்வேர் ஏறவே இல்லை போலிருக்கிறது, பழையது அத்தனையும் உள்ளேயே இருக்கிறது என்று முணுமுணுத்தார். இன்னும் இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போனால் தானே கூட நின்று சுத்தமாக அழித்துவிடுவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

அவன் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னான்.

அட்வைசர் மிரண்டுபோனார்.

அவன் வண்டியை எடுத்தான். முட்டி இடித்தது. தலை இடித்தது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஏழு மாதமாக இப்படித்தான் ஓட்டுகிறான்.

ஏழு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள்தான் ஓட்டிவந்தாள். தன் ஆபீஸ் வாசலில் இறங்கிக்கொண்டாள். அவன் இந்தப் பக்கம் மாறி உட்கார்ந்ததும் ஜன்னலில் குனிந்து ஒன்று சொன்னாள். மதியம் ஃபோன் வந்து அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவள் பேசும் நிலையில் இல்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

“சீட்ட நகத்திடாதப்பா. சாயங்காலமும் நான்தான் ஓட்டுவேன்.”