எதுவும் செய்யத் தேவையில்லை

ஆங்கிலேயருக்கே ஆங்கிலம் எழுதிக் காட்டிய கை, யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரியின் இளைப்பாறிய பிரதம லிகிதர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் வலது கை.

அந்தக் கை இப்போது அதே ஆங்கிலேயரின் நாட்டில், ஸ்ட்ரெதத்தில், ஒரு சிவப்புத் தபால்பெட்டியின் வாய்க்குள் முழங்கை வரை போய் இறுகிக் கிடந்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பிறந்து பத்தாம் நாள். காலை ஒன்பது மணி. பெட்டியின் நெற்றியில் போட்டிருந்தபடி ஒன்பதரைக்குத் தபால்காரன் வருவான்.

இரண்டு கிழமையாக உறைபனி. ஹீற்றரைப் போட்டால் காஸ் பில் ஏறும் என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெற்றரோடு திரிந்த மனிதர். ஓவர்கோட்டைக் கழற்றி மதிலில் எறிந்துவிட்டுத்தான் கையை விட்டார். ஸ்வெற்றர் இரண்டும் கூடவே போயின. போனவை வர மறுத்தன.

எல்லாம் முந்தாநாள் அரசாங்கம் அனுப்பிய மண்ணிறக் கடித உறையால் வந்த வினை. உள்ளே எட்டரைப் பவுணுக்கு ஒரு செக். குளிருக்குக் காசாம்.

முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்துக்கு உள்ளே இருந்தவர் அவர். வெயிலுக்கு யாருக்கும் ஒரு சதம் கொடுத்ததாகக் கோப்பில் இல்லை. அதுவும் கேட்காமல்!

"இது தூண்டில்," என்றார் மனைவி பாலாம்பிகையிடம். "'நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை' எண்டு எழுதியிருக்கிறான். என்ன அர்த்தம்? எல்லாம் பிடிபட்டிட்டுது, இனி நீ செய்யிறதுக்கு ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். உமக்கு இங்கிலிஸ் விளங்காது."

பாலாம்பிகை ஓம் என்றாள்.

பிடிபட ஒரு விஷயம் இருக்கத்தான் செய்தது. பக்கத்துத் தெரு நேர்ஸ் பெர்னடெற்றின் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பாலாம்பிகைதான் பார்த்துக்கொண்டாள். கிழமைக்கு இருபது பவுண், கைக்காசு. அரசாங்கம் தருகிற பெனிபிட் காசுக்கான போர்மில் அது இல்லை. பிள்ளைகள் பாடம் வாசிக்க, இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டிருப்பாள். ரீச்சர் கீழே கோடு போட்ட பிழைச் சொல்லைப் பிள்ளைகள் ஓரத்தில் மூன்று முறை திருத்தி எழுதுவார்கள். பொழுது போகட்டும் என்று அவரும் விட்டிருந்தார்.

பிடிக்க முந்தித் தானே ஒப்புக்கொண்டுவிட, நேற்றுப் பகல் முழுக்க இருந்து பெனிபிட் அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதினார். பிள்ளைகள், இருபது பவுண், எந்த மாதத்திலிருந்து, எல்லாம். கடைசியில் 'தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்'. செக்கையும் உள்ளே வைத்தார். எச்சில் தொட்டு ஒட்டியது பாலாம்பிகை. பிரதம லிகிதர் கடித உறை நக்குவதில்லை.

காலை எட்டரைக்குக் கொண்டுவந்து பெட்டியில் போட்டார். அப்படியே பால் வாங்கக் கடைக்குள் போனார். அங்கே மேல்வீட்டு யேசுரட்ணம்.

"அண்ணை, குளிர்க்காசு வந்திட்டுது! கேக்காமலே தாறாங்கள். ஏழு நாள் பூச்சியத்துக்குக் கீழை கிடந்தால், பெனிபிட் எடுக்கிற கிழடுகள் எல்லாருக்கும் கொம்பியூட்டர் தன்ரை பாட்டிலை அனுப்புதாம். ஓ... உங்களுக்கென்னத்துக்கு அது. நீங்கள் பென்சன்காரர்."

"ஓம், எனக்கென்னத்துக்கு," என்றார். கொழும்புப் பென்சனில் சீவிப்பதாகத்தான் மூன்று வருஷமாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பால் வாங்காமல் ஓடி வந்தார்.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் பெனிபிட் நிற்கும். பிறகு கவுன்சில் தந்த வீடு போகும். பிறகு, வருஷக் கணக்குப் பார்த்து நீட்டித் தருகிற விசா. பிறகு திருப்பி அனுப்பினால் கட்டுநாயக்கா விமான நிலையம், மேசையில் ஒரு பெயர்ப்பட்டியல், பின்னால் விசாரிக்க ஒரு அறை. அவ்வளவுக்கும் கீழே அவரே கையொப்பம் வைத்திருந்தார். கோடு கூட இழுத்திருந்தார்.

விரல்நுனியில் ஒரு கடதாசி தட்டுப்பட்டது. நழுவியது.

காது மரத்துவிட்டது. நாயோடு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி நின்று பார்த்தாள். இடது கையால் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். அவள் தெருவின் மறுபக்கம் மாறிப் போனாள்.

சந்தியில் சிவப்பு வான் திரும்பியது.

இறங்கி வந்தவன் திறப்புக் கோர்வையைக் கிலுக்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். சொல்லவேண்டிய இங்கிலிஸ் வசனம் ஒன்றை ஸ்ரீஸ்கந்தராஜா பத்து நிமிஷமாக நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தார். வாயைத் திறந்தார்.

"சேர்," என்றார். "சேர்... சேர்..."

"என்னப்பா இது கோலம்!"

வீட்டுச் செருப்போடு பாலாம்பிகை. தபால்காரனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். இறுகின காப்பைக் கழற்றுவதுபோல ஸ்வெற்றரை உள்ளே தள்ளித் தள்ளி, கையை வெளியே எடுத்தாள். அவள் பேசியது இங்கிலிஸ் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது.

தபால்காரன் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்த எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக்கொண்டு போனான்.

ஸ்ரீஸ்கந்தராஜா மதிலில் குந்திவிட்டார். 

"போச்சுது," என்றார். "எல்லாம் போச்சுது."

"போனது கோயில் தைப்பூச நோட்டீஸ். ஒட்டேக்கை மாத்தி வைச்சனான். செக் என்ரை கைப்பைக்குள்ளை கிடக்குது. ஹீற்றரைப் போட்டிட்டு வந்தனான், எழும்புங்கோ."

தன் கோட்டுப் பைக்குள்ளிருந்து அவர் எழுதிய நாலு தாளையும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

'ரிசீவ்' என்ற சொல்லில் ஈ எழுத்தையும் ஐ எழுத்தையும் நாலு இடத்தில் அவர் மாற்றிப் போட்டிருந்தார். நாலுக்கும் கீழே பென்சில் கோடு. ஒவ்வொன்றின் ஓரத்திலும், மூன்று முறை திருத்தி எழுத மூன்று கோடு போட்டு இடம் விட்டிருந்தது.