இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

“ஸ்வர்ணா மதினி, இந்த ஒரு வரிதான் மிச்சம். இதையும் சொல்லிட்டா ஒங்களை ஆட்டோ ஏத்தி விட்ருவேன்” என்றான் அழகுபாண்டி.

திரையில் என் கணவர் ஜனகராஜ் எழுதிய கோப்பு. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஏற்றும் கருவிக்கான மென்பொருளைத் துண்டு துண்டாகச் சேர்த்து, சோதித்து, முழுதாக்கும் கட்டளைகள் அதில் இருந்தன. மேக் என்ற பழைய முறையிலிருந்து சிமேக் என்ற புதிய முறைக்கு அதை அழகுபாண்டி மாற்றிக்கொண்டிருந்தான். முதல் ஐம்பது கருவிகள் மூன்று மணிக்கு வேனில் ஏற வேண்டும்.

குறிப்புகளையெல்லாம் அவர் எங்கள் சௌராஷ்டிர மொழியில், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஆபீசில் வேறு யாருக்கும் புரியாது என்பதில் அவருக்கு ஒரு குறும்பு.

அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, அதைப் படித்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியின் முன்னால் # போட்டிருந்தது. அது இருந்தால் அந்தக் கட்டளை ஓடாது என்பது அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. கீழே ஒரு குறிப்பு.

படித்தேன்.

“என்ன மதினி, எங்களை ஏதும் கேலி பண்ணியிருக்காரா? வேணாத வரின்னா தூக்கிருவேன். அண்ணன் கை வச்சதுல தப்பு வந்ததே இல்ல.”

அறையில் நான்கு பேர். எல்லோரும் அவரிடம் வேலை கற்றவர்கள். புதிதாக வருகிறவர்களை இன்னமும் அவர் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்களாம்.

அழகுபாண்டியின் விரல் அழிக்கும் பொத்தான் மேல் இருந்தது.

“இல்ல தம்பி. குழாயில காத்துக் குமிழி வந்தா மிஷின் நிக்குதான்னு பாக்குற சோதனை. நிக்கலையாம். இப்போதைக்குச் சோதனையை நிறுத்திட்டு, நாளைக்குச் சரி பண்றேன்னு எழுதியிருக்கார்.”



அவன் அந்தச் சோதனையைப் புதிய கோப்பில் சேர்த்து ஓடவிட்டான். சிவப்பில் வந்தது: தோல்வி.

வேனை நிறுத்தச் சொல்லி யாரோ வாசலுக்கு ஓடினார்கள். “அண்ணனா இப்படி?” என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது.

“அம்புட்டுதானா மதினி? கீழ இன்னும் என்னமோ இருக்கே.”

“அம்புட்டுதான். தேதி போட்டிருக்கார்.”

நான் படித்துச் சொன்னதை அவர் பெயரோடு புதிய கோப்பில் எழுதிக்கொண்டு, பழையதை அழித்தான்.

அழிவதற்குள் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

‘ஸ்வர்ணா மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டாள். ஆறு மணி சினிமா. இப்போது கிளம்பாவிட்டால் வீட்டில் சண்டை.’

அன்று அவர் வண்டி காளவாசல் சிக்னலைத் தாண்டவில்லை.

எதற்கு அவ்வளவு வேகமாக வந்தார் என்று போலீஸ்காரர் கேட்டார். மாமியார் கேட்டார். நான் கிளம்பும்போது ஆட்டோ வரைக்கும் வந்த அழகுபாண்டியும் கேட்டான்.

தெரியாது என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.