பதினோரு மாசத் தேடல்

"யாருங்க என் நம்பரைக் குடுத்தது? பேரச் சொல்லுங்க மொதல்ல!"

அழகர்சாமி போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த மூடுபனி மிரண்டுபோய்ப் பள்ளத்தாக்கில் குதித்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லாரி ஓட்டுகிறவன். தொண்டையே அவனுக்கு ஏர் ஹாரன்.

கவுன்சலர் இந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

"பேரு சொல்ல மாட்டோமுங்க. உங்களோட பழகின ஒருத்தருக்கு சிபிலிஸ் இருக்கு. உங்களுக்கும் இருக்கலாம்னு கூப்பிட்டோம்."

"பொம்பளைதானுங்களே? அதையாச்சும்..."

"அதுவும் சொல்ல மாட்டோம்."

போன வாரம் எதிரே உட்கார்ந்து, "என் பேரு மட்டும் தெரிய வேணாங்க" என்று கெஞ்சியவளின் முகம் இந்துவுக்கு நினைவு வந்தது. தெரிந்தால் இந்த ஆள் லாரியை நேரே அவள் வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுவான்!

ரத்தத்தைச் சோதித்ததில் இவனுக்கும் இருந்தது. நர்ஸ் பக்கத்துக்கொன்றாக இடுப்புக்குக் கீழே இரண்டு ஊசி போட்டு அனுப்பினாள். திரும்பி வந்தவனால் உட்கார முடியவில்லை. பீரோவில் சாய்ந்து நின்றான்.

"நீங்க பழகினவங்க பேரெல்லாம் சொல்லுங்க. அவங்களையும் கூப்பிடணும்."

இந்து புதுப் பக்கத்தைத் திருப்பினாள். லாரிக்காரன். ஒரு பக்கம் போதுமோ என்னவோ!

"ரஞ்சனி."

"அப்புறம்?"

"அவ்வளவுதானுங்க."

இந்துவின் பேனா நின்றது.

"பத்துப் பேரோட பழகினவங்கிட்டத்தானுங்க பேரை மறைக்க முடியும்." அழகர்சாமியின் குரல் இறங்கியிருந்தது. "அவ வேலை பாத்த டீ பாக்டரி மூடினதும் ஒரு வார்த்தை சொல்லாம லயத்து வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டா. போன் நம்பரையும் மாத்திட்டா. பதினோரு மாசமா, லோடு எறக்குற ஊரெல்லாம் தேடறேன்."

"எதுக்கு? அடிக்கவா?"

"ஏனுங்க, சீக்காளியைப் போயி யாராச்சும் அடிப்பாங்களா? அவளுக்கு ஊசி போட்டாச்சா?"

"அதுவும் சொல்லக் கூடாதுங்க."

"செரி, ஊரு வேணாம், பேரு வேணாம். ஒண்ணே ஒண்ணு. என் நம்பரை போனைப் பாத்துச் சொன்னாளா... மனப்பாடமாச் சொன்னாளா?"

சொல்லக்கூடாதவை என்று பயிற்சியில் இந்துவுக்குக் கொடுத்த பட்டியல் முழம் முழமாக நீளும். இந்தக் கேள்விக்கும் அதில் இடம் உண்டு.

தாளில் இருந்த அவன் எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேனாவை மூடி வைத்தாள். பிறகு கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, பத்து எண்களையும் நிறுத்தாமல் ஒப்பித்தாள்.

"அவளுக்கும் கண்ணை மூடினாத்தானுங்க மனப்பாடம் வரும்" என்ற அழகர்சாமி, ஊசி போட்ட வலிகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.