பதினோராவது ஆள்

தொலைபேசியில் பக்கத்து நாட்டுக் காவல் அதிகாரி பத்தாவது ஆளின் அடையாளங்களை வாசித்து முடித்தார்.

இந்தப் பக்கக் காவல் அலுவலகத்தில் அவள் ‘காணவில்லை’ படிவங்களின் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். முன்பல் ஒன்று இல்லை, முழங்காலில் தழும்பு, காதில் இரண்டு துளை. மூன்றும் ஒத்துப்போயின.

மூன்று ஒத்துப்போனால்தான் முத்திரை. மூன்று நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசி வைத்த விதி.

குத்தினாள். இனி ஒரு வீட்டுக்குக் கடிதம் போகும்.

எல்லையோரம், வெளியே பூட்டுப் போட்ட லாரிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவர்கள் பதினொரு பேர். ஓட்டுநர் இருக்கை காலி. ஆள் தப்பிவிட்டான் என்று மூன்று நாடும் முடிவுகட்டின. பெயர் தெரியாது, படம் கிடையாது. கூட்டாளிகள் ‘பம்பரம்’ என்பார்களாம். அதை வைத்துக்கொண்டு மூன்று வாரமாகச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள்.

அந்தக் கோப்பும் அவள் மேசையில்தான் இருந்தது. ஓரிடத்தில் நிற்காத பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தது தன் அம்மா என்பதை மட்டும் அவள் அதில் எழுதவில்லை.

காலையில்கூட அம்மா காதோரம் கிசுகிசுத்தாள்: “மூணு நாட்டுப் போலீசுக்கும் தண்ணி காட்டுறான் பாத்தியா, உன் தம்பி.” வெட்கம் பாதி, பெருமை பாதி.

தொலைபேசியில் அதிகாரி தொடர்ந்தார்: “பதினொண்ணுதான்க்கா தகராறு. உங்க பக்கம் யாருமே தேடல போல. எதுக்கும் எழுதிக்கோங்க.”

எழுதினாள். வலது புருவத்தில் வெட்டு. இடது தோளில் மச்சம். இடது கட்டைவிரல் நகம் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம்.

அந்தக் கதவைச் சாத்தியது அவள்தான். அவனுக்கு அப்போது ஆறு வயது.

மூன்றும் ஒத்துப்போயின. படிவம்தான் இல்லை.

“அக்கா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன். இவருக்கு யாரும் வரல. அடுத்த வாரம் பாப்போம்.”

வைத்துவிட்டுப் ‘பம்பரம்’ கோப்பை இழுத்தாள். வாராவாரம் அதில் ஒரு வரி எழுத வேண்டும். ‘தேடுதல் தொடரலாம்’ என்று எழுதினாள். கையெழுத்து கோணாமல் வந்தது. நாட்டுக்கு ஒன்றாக மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் முத்திரை குத்தினாள்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கேட்பாள்.

இன்றைக்கும் பிடிபடவில்லை என்று சொல்ல வேண்டும்.