தவளையின் இதயம் துடிக்கும்வரை

கண்ணாடித் தட்டின் உப்புநீரில் தவளையின் இதயம் குன்றிமணியாய்ச் சுருங்கி விரிகிறது. திருப்பதியின் காலை வெயில் சோதனைக்கூட ஜன்னல் வழியே அதன்மேல் விழுகிறது. இங்கே தட்டு கழுவும் ஸ்வர்ணலதா, பிச்சாட்டூரிலிருந்து தன் கணவனின் அண்ணன் கங்கையாவை வரவழைத்து, மேசையை ஒட்டி நிறுத்தியிருக்கிறாள். கம்பெனியில் வேலை இருக்கிறது என்று அவள் சொன்னதால் அவன் இஸ்திரிச் சட்டையில் வந்திருக்கிறான். ஆராய்ச்சி செய்யும் கல்பனா மேடம் இதயத்துக்குப் போகும் நரம்பில் மின்சாரம் விடுகிறாள். இதயம் நின்று, மெல்லத் திரும்புகிறது. கட்டுவிரியன் விஷத்திலிருந்து பிரித்த துளியைச் சேர்த்துக் காத்திருந்துவிட்டு, மறுபடி மின்சாரம் விடுகிறாள். இதயம் கேட்கவே இல்லை, துடிக்கிறது. "இதயத்து நரம்பு செல்கள்ல சேதி வாங்குற ஏற்பிங்க இருக்கு. அதுங்க மேல விஷம் உட்கார்ந்துடுச்சு. நரம்பு சொல்றது இனி சேராது" என்கிறாள்.

"மனுசனைக் கடிச்சா மேடம்?" ஸ்வர்ணலதா கேட்கிறாள். "கண்ணு சொருகும், நாக்கு குழறும். குடிச்சிருக்கான்னு நினைப்பாங்க. மூச்சு நின்னாலும் இதயம் கொஞ்ச நேரம் அடிக்கும்." கங்கையா வாசலைப் பார்க்கிறான். போன ஆடியில், தம்பி கண் சொருகிக் கிடந்தபோது, "குடிச்சிட்டுப் படுத்துக்கினு கீறான், ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று டிராக்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவன் அவன்தான். "இதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு லதா? நான் போறேன்."

"போலாம் மாமா. அன்னிக்கு அவர் மூச்சு நின்னப்புறமும் நெஞ்சுல கை வெச்சிக்கினு இருந்தேன், இப்படித்தான் அடிச்சிது." அவள் மேடத்திடம் திரும்புகிறாள். "இது எப்போ நிக்கும்?" "சாயந்திரம் ஆயிடும்மா." ஸ்வர்ணலதா ஸ்டூலை இழுத்து அவன் முழங்காலுக்குப் பின்னால் போடுகிறாள். "குந்து மாமா."